நாற்பதுகளின் மனச்சோர்வு: மருத்துவமனையில் யாரும் கேட்காத கேள்வி

மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரப்படும் ஹார்மோன் மருந்துகளின் குறிப்பில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடப்பட்டுவந்த எச்சரிக்கையை நீக்கப்போவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 நவம்பரில் அறிவித்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் மாதவிடாய் விடுப்பு தரும் கொள்கைக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால், ஒன்று மாதவிடாய் நின்றவர்களை மனதில் வைத்தது. மற்றொன்று மாதாமாதம் ஒழுங்காக வருபவர்களை மனதில் வைத்தது. நடுவில், வந்தும் வராமலும் இழுத்தடிக்கும் அந்த நான்கைந்து ஆண்டுகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பெண்களின் மனம் ஆட்டம் காணும் வாய்ப்பு அதிகம் இருப்பதோ அப்போதுதான்.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று மருத்துவம் சொல்கிறது. அதற்கு முந்தைய தடுமாற்றக் காலம் பெரிமெனோபாஸ். மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் மாதவிடாய் நிற்கிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. அப்படியென்றால் தடுமாற்றம் நாற்பதை ஒட்டியே தொடங்கிவிடும். "எனக்கு இன்னும் மாதாமாதம் வருதே, அதற்குள் மெனோபாஸா?" என்று பெண்களே நம்ப மறுக்கிறார்கள். பல மருத்துவர்களும் அப்படித்தான்.

ஏறி இறங்குவதுதான் பிரச்சினை

ஹார்மோன் குறைவதால் மனம் சோர்கிறது என்பது பரவலான நம்பிக்கை. பாதிதான் சரி. ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக, ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தால் உடல் அதற்குப் பழகிக்கொள்ளும். நடப்பது அப்படியல்ல. சினைப்பையில் முட்டைகள் அருகிப்போகும்போது, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பி சினைப்பையை முடுக்கிவிடுகிறது. சில மாதங்களில் சினைப்பை அளவுக்கு மீறிச் சுரந்துவிடுகிறது. இளமையில் இருந்ததைவிடக்கூட ஈஸ்ட்ரோஜன் அதிகமாக இருக்கலாம். அடுத்த மாதமே தரைமட்டத்துக்கு விழுகிறது. மின்சாரமே இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ் சும்மா இருக்கும். வோல்டேஜ் ஏறி ஏறி இறங்கினால்தான் கம்ப்ரஸர் புகையும். அதே கதைதான்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. முட்டை வெளிவராத மாதங்களில் புரொஜெஸ்ட்ரோன் ஏறக்குறைய சுரப்பதே இல்லை. அந்த ஹார்மோனிலிருந்து உடல் தயாரிக்கும் அலோபிரெக்னனலோன் என்ற பொருள், மூளையை அமைதிப்படுத்தும் வேலையைச் செய்கிறது. பல தூக்க மாத்திரைகள் செயல்படும் அதே இடத்தில்தான் இதுவும் செயல்படுகிறது. அது ஒரு மாதம் இருந்து ஒரு மாதம் இல்லாமல் போனால், காரணமே இல்லாத படபடப்பும் தூக்கமின்மையும் வருவதில் வியப்பில்லை. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனினின் செயல்பாட்டில் ஈஸ்ட்ரோஜனுக்கும் பங்கு உண்டு.

ஹார்மோன் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நிறைய பணமும் காலமும் வீணாகின்றன. இன்று உச்சத்தில் இருக்கும் எஃப்எஸ்ஹெச் பத்து நாள் கழித்து இயல்பாக இருக்கக்கூடும். ஒருநாள் காலையில் எடுத்த ரத்தம் அந்த ஒருநாளின் கதையைத்தான் சொல்லும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்த நிலையைக் கண்டறிய எஃப்எஸ்ஹெச் பரிசோதனை தேவையில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. வயது, மாதவிடாய்த் தேதிகள், அறிகுறிகள் ஆகிய மூன்றும் போதும். நம் ஊரில் இன்னும் 'முழு ஹார்மோன் பேக்கேஜ்' என்று லேப்களில் சலுகை விலைப் பலகை தொங்குகிறது. 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்ததும், "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

பிளாஸ்டிக் கவரில் எல்லா ரிப்போர்ட்டும்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். வயது 44. டி-சர்ட்டை விரித்துப் புரட்டும் வேகத்திலேயே தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, வெட்டாத பிசிறு எல்லாம் கண்ணில் பட்டுவிடும். அந்த அளவுக்குக் கை பழகியவர். சமீப காலமாக ஒரே பீஸை இரண்டு தடவை புரட்டுகிறார். அப்படியும் தவறுகிறது. பிசிறு வெட்டும் சின்னப் பெண்ணிடம் ஒன்றுமில்லாததற்குக் கத்திவிட்டு, பாத்ரூமில் போய் அழுதிருக்கிறார். ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு அடித்துப் போட்டதுபோலப் படுத்தாலும் ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்துக் கொட்டி விழிப்பு வந்துவிடும். பிறகு தூக்கம் கிடையாது. "நெஞ்சுக்குள்ள யாரோ ஓடுற மாதிரி இருக்குதுங்க" என்றார்.

ஒரு ஜவுளிக்கடை கவரில் அவருடைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் இருந்தன. இசிஜி, எக்கோ, தைராய்டு, சுகர், வயிற்று ஸ்கேன். எல்லாம் நார்மல். கூடவே வாயு மாத்திரை, சத்து மாத்திரை, இரவுக்கு ஒரு சின்ன தூக்க மாத்திரை. மாதவிடாய் ஒருமுறை 24 நாளில், அடுத்த முறை 40 நாளில் என்று வந்துகொண்டிருக்கிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நெஞ்சுப் படபடப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருக்கிறார். பார்த்த டாக்டர்களில் ஒருவராவது, "கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்துனீங்க?" என்று கேட்டிருக்கலாம். பிரசவ வார்டு நர்ஸ் எடுத்த எடுப்பில் கேட்கும் கேள்வி அது. அந்த வாசலைத் தாண்டிவிட்டால் யாருக்கும் அது தோன்றுவதில்லை.

அந்தப் பரிசோதனைகள் வீண் என்று சொல்ல வரவில்லை. படபடப்புக்கு இசிஜி எடுக்கத்தான் வேண்டும். இந்த வயதில் தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 பற்றாக்குறை எல்லாமே இதே வேடத்தில் வரும். தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெரிமெனோபாஸ் காலத்தின் அதிகப்படியான உதிரப்போக்கு அந்தச் சோகையை இன்னும் ஆழமாக்கும். பெரும்பாடு என்று பாட்டிமார்கள் சொன்ன அதே உபாதைதான். நாள் தள்ளிப்போனால் கர்ப்பமா என்றும் பார்த்துவிட வேண்டும். மாதவிடாய் தடுமாறும் காலத்திலும் கரு தரிக்கும். இவற்றை எல்லாம் பார்த்து முடித்த பிறகு, மிச்சமிருக்கும் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் குறை.

அமெரிக்காவில் 1990-களின் நடுவில் தொடங்கி 3,302 பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வின் ஒரு பிரிவில், பெரிமெனோபாஸ் காலகட்டத்தில் தீவிர மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதற்கு முன்பு இருந்ததைவிட 2 முதல் 4 மடங்கு கூடுதலாக இருந்தது. எல்லாப் பெண்களுக்கும் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலோர் சின்னச் சின்ன எரிச்சலோடு கடந்துபோய்விடுகிறார்கள். ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர்கள், பிரசவத்துக்குப் பின் மனம் உடைந்தவர்கள், மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் கடுமையாக அவதிப்பட்டவர்கள், இரவு வியர்வையால் தூக்கம் இழப்பவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம்.

இதை எழுதும்போதே ஒரு தயக்கமும் இருக்கிறது. 'எல்லாம் ஹார்மோன்' என்று தெரிந்துகொண்ட மறுநாளே, வீட்டில் அதையே ஆயுதமாக்குகிறவர்கள் உண்டு. குடித்துவிட்டு வரும் கணவனிடம் கோபப்படுவதற்கு எந்த ஹார்மோனும் தேவையில்லை. மாமியாரின் படுக்கைப் புண்ணைத் துடைத்து, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்துவிட்டு, ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால், அதில் சினைப்பையின் பங்கு எவ்வளவு, வாழ்க்கையின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஹார்மோன் தடுமாற்றம் தாங்கும் சக்தியைக் குறைக்கிறது. தாங்க வேண்டிய சுமையை அது உருவாக்குவதில்லை.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால்?

இந்தக் காலத்தின் மிகப் பெரிய தவறு நடப்பது மனநல மருத்துவரிடம் அல்ல, ஆபரேஷன் தியேட்டரில். உதிரப்போக்கு அதிகமாகிறது, ஸ்கேனில் சிறு கட்டி தெரிகிறது. "குழந்தைகள்தான் பெற்றாகிவிட்டதே, இனி எதற்கு அது? எடுத்துவிட்டால் நிம்மதி" என்று ஒரே அமர்வில் முடிவாகிவிடுகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகளில் கர்ப்பப்பை நீக்கத்துக்குப் பெண்கள் சொன்ன காரணங்களில் முதலிடம் பிடிப்பது அதிக உதிரப்போக்கும் வலியும்தான். மூன்றில் இரண்டு பங்கு அறுவைசிகிச்சைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்திருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்குக் கூட்டங்கூட்டமாகக் கர்ப்பப்பை அகற்றப்பட்டது 2019-இல் வெளிவந்து நாட்டையே அதிரவைத்தது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கங்களைத் தடுக்க மத்திய அரசு 2022-இல் உருவாக்கிய வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் நான்கைந்து ஆண்டுகளில் நடக்க வேண்டிய மாற்றம் ஒரே இரவில் நடந்துவிடுகிறது. அனல் வீசும் உடம்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் அப்போதுதான் மிகக் கடுமையாக வரும். எலும்பும் இதயமும் சீக்கிரமே பலவீனப்படும். "ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பழைய ஆளே இல்லை" என்று குடும்பத்தினர் சொல்வதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். புற்றுநோய் போன்ற காரணங்கள் இல்லாதபட்சத்தில் உதிரப்போக்கைக் கட்டுப்படுத்த மாத்திரைகள் இருக்கின்றன. கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனமும் இருக்கிறது. கத்தியை எடுப்பதற்கு முன் இவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதும், சினைப்பையையும் சேர்த்து எடுக்கப்போகிறோமா என்பதைத் தனியாகக் கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதும் மிகையான எதிர்பார்ப்பு அல்ல.

பயம் பிறந்த ஆண்டு 2002

ஹார்மோன் மருந்து என்றாலே புற்றுநோய் என்ற பயம் 2002 ஜூலையில் பிறந்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு ஒன்று, ஈஸ்ட்ரோஜனையும் புரொஜெஸ்டினையும் சேர்த்துத் தந்ததில் மார்பகப் புற்றுநோய் கூடுவதாகச் சொல்லி இடையிலேயே நிறுத்தப்பட்டது. கூடிய அளவு, ஆண்டுக்கு 10,000 பெண்களில் எட்டுப் பேர். ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆனவர்கள். 45 வயதுப் பெண்ணுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்திப் பார்த்ததுதான் கோளாறு. 60 வயதுக்கு முன்பு, அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கினால் பலன் ஆபத்தைவிட அதிகம் என்பதே இப்போதைய மருத்துவக் கருத்து.

மனச்சோர்வுக்கு இது உதவுமா? 172 பெண்களிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தோலில் மருந்தில்லாத வெறும் பட்டை ஒட்டப்பட்டவர்களில் 32 சதவீதத்தினருக்கு ஓராண்டில் மனச்சோர்வு அறிகுறிகள் தோன்றின. ஈஸ்ட்ரோஜன் பட்டை ஒட்டி, இடையிடையே புரொஜெஸ்ட்ரோனும் எடுத்தவர்களில் அது 17 சதவீதம். நல்ல அறிகுறிதான். ஆனால், சிறிய ஆய்வு. அதனால்தான் மனச்சோர்வைத் தடுப்பதற்கென்றே எல்லோருக்கும் ஹார்மோன் கொடுங்கள் என்று எந்த மருத்துவ அமைப்பும் சொல்லவில்லை. உடல் அனல், வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றோடு மனமும் தளர்ந்திருப்பவர்களுக்கு அது நல்ல தேர்வு. தீவிர மனச்சோர்வு என்றால் மனச்சோர்வுக்கான மாத்திரைகளும் பேச்சு சிகிச்சையும்தான் முதலில். அவற்றில் சில மாத்திரைகள் உடல் அனலையும் தணிக்கும்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு ஏற்பட்டவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவர்கள் ஆகியோருக்கு ஹார்மோன் மருந்து ஆகாது. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது. கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு. எனவே, பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடுவது வேண்டாம். யூடியூபில் விற்கும் சோயா பவுடருக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம்.

செய்யக்கூடியவை

பெண்கள் இன்றே தொடங்கக்கூடியது ஒன்று: ஒரு காலண்டர், ஒரு பேனா. உதிரப்போக்கு தொடங்கிய நாள், அளவு, தூங்கிய நேரம், அன்றைய மனநிலை. மூன்று மாதம் குறித்த அந்தத் தாள் எந்த லேப் ரிப்போர்ட்டையும்விட மருத்துவருக்கு உதவும். அதைக் காட்டி, "இது பெரிமெனோபாஸாக இருக்குமா டாக்டர்?" என்று நேராகவே கேட்கலாம். ஓராண்டு நின்ற பிறகு மறுபடி உதிரம் பட்டால், ஒரு சொட்டானாலும், காட்டிவிட வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைதூக்கினால் மாதவிடாய்க் கணக்கெல்லாம் பிறகு. 14416 என்ற 'டெலி மனஸ்' எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். கணவரோ, வளர்ந்த பிள்ளைகளோ இதைக் கவனித்து ஒரு தடவை உடன் போனால், பல மருத்துவமனைகளில் கிடைக்கும் பதிலே மாறிவிடுகிறது. வருத்தமான உண்மை.

தமிழக அரசு செய்ய வேண்டியதற்கும் பெரிய செலவு எதுவும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்களும் பெண்கள், அதே தெருக்காரர்கள். நாற்பதைத் தாண்டியவர்களிடம் அவர்கள் மூன்று கேள்வி கேட்டால் போதும்: தேதி மாறுகிறதா, தூக்கம் கெடுகிறதா, கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டம் இல்லையா? 'ஆமாம்' என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு. அங்குள்ள மருத்துவருக்கு ஒருநாள் பயிற்சி தேவைப்படும். அவர் எழுதித் தரும் மருந்து அங்கேயே கிடைக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்வதில் பெயர் பெற்றது. ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் புரொஜெஸ்ட்ரோன் மாத்திரையும் எட்டாக்கனி அல்ல.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 45 வயதுக்கு உட்பட்டவரின் கர்ப்பப்பையை அகற்றப் பணம் தருவதற்கு முன், இரண்டாவது மகப்பேறு மருத்துவரின் கருத்தைக் கட்டாயமாக்கலாம். முதலில் என்ன மருந்து கொடுத்துப் பார்த்தார்கள் என்பதற்குப் படிவத்தில் ஒரு கட்டமும் வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் பெண்களுக்கான கேள்விகள் 49 வயதோடு நின்றுவிடுவதால், 50 வயதுப் பெண்ணின் தூக்கமும் மனமும் அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை. மாநில அரசு தன் ஆய்வுகளிலாவது வரம்பை 60-க்கு உயர்த்தலாம்.

வேலையிடங்களைப் பொறுத்தவரை, தேதி சொல்லி எடுக்கும் விடுப்பு இந்த வயதினருக்கு அவ்வளவாக உதவாது. தேதியே தெரியாதவர்கள் அவர்கள். கடைகளில் நின்றே வேலை பார்த்தவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த மாநிலம் தமிழகம். அதே வழியில் பனியன் கம்பெனிகளிலும் ஜவுளிக்கடைகளிலும் மூன்று விஷயங்களைக் கேட்கலாம்: தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி, கைக்கெட்டும் தூரத்தில் குடிநீர், சூப்பர்வைசரிடம் காரணம் சொல்லாமல் கழிப்பறைக்குப் போய்வரும் உரிமை. ஆய்வுக்குப் போகும் தொழிலக அதிகாரிகளின் பட்டியலில் இவற்றைச் சேர்க்கப் புதிய சட்டம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.